ஒரு ஏ4 தாள் அளவு ரப்பர்: ஸ்போர்ட்ஸ் செடானுக்கு டயர் தேர்ந்தெடுப்பது எப்படி?

போன வடகிழக்குப் பருவமழை. திண்டிவனம் தாண்டி ஒரு நீளமான வளைவு. வேகம் மணிக்கு 90 கி.மீ.தான், அந்தச் சாலையில் அனுமதிக்கப்பட்ட வேகத்தைவிடக் குறைவு. சாலையோரம் தேங்கியிருந்த தண்ணீரில் இடது பக்கச் சக்கரங்கள் இறங்கின. ஒரு நொடிகூட இருக்காது. ஸ்டியரிங் கையில் எடையே இல்லாமல் போனது, காரின் பின்பக்கம் நழுவ ஆரம்பித்தது. காரில் இருக்கும் எலக்ட்ரானிக்ஸ் பிரேக்கைத் தட்டி நேராக்கிவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பின் சீட்டில் அப்பா இருந்தார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். கொஞ்ச தூரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அந்த டீக்கடையில ஓரங்கட்டு" என்றார். இறங்கியதும் டீ கேட்கவில்லை. குனிந்து பின் டயரை நகத்தால் கீறிப் பார்த்தார். "கல்லு மாதிரி இருக்குடா. இதுலயா இவ்வளவு தூரம் ஓட்டிட்டு வந்த?"

என்னுடையது செகண்ட் ஹேண்டில் வாங்கிய 2016 மாடல் பிஎம்டபிள்யூ 3 சீரீஸ். இன்ஜின், கியர்பாக்ஸ், சர்வீஸ் ரெக்கார்டு என்று எல்லாவற்றையும் அலசிப் பார்த்து வாங்கினேன். டயரை மட்டும் "பட்டன் இருக்கு, இன்னும் ஓடும்" என்று விட்டுவிட்டேன். அந்தப் பயணத்துக்குப் பிறகு இரண்டு வாரம் டயர் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். அந்தக் குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

ஏ4 தாள் கணக்கு

1,500 கிலோ எடையுள்ள ஒரு காரை எடுத்துக்கொள்வோம். டயரில் 33 பிஎஸ்ஐ காற்று. எடையைக் காற்றழுத்தத்தால் வகுத்தால், நான்கு டயரும் சேர்ந்து தரையைத் தொடும் பரப்பு தோராயமாக 650 சதுர சென்டிமீட்டர். ஒரு ஏ4 தாளின் பரப்பு 624 சதுர சென்டிமீட்டர். அதாவது அவ்வளவு பெரிய காரும் அதில் இருக்கும் நாமும் சாலையைப் பிடித்துக்கொண்டிருப்பது ஏறக்குறைய ஒரு ஏ4 தாள் அளவு ரப்பரால்தான்.

பிரேக் சக்கரத்தைத்தான் நிறுத்தும். காரை நிறுத்துவது டயர். இது வெறும் பேச்சு இல்லை, பள்ளிக்கூட இயற்பியலே போதும். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் போகும் கார் ஈரச் சாலையில் முழு பிரேக் போடுகிறது. நல்ல டயரின் உராய்வுக் குணகம் 0.8 என்று வைத்துக்கொண்டால், சுமார் 31 மீட்டரில் நின்றுவிடும். சுமாரான டயருக்கு 0.6 என்று வைத்தால் 42 மீட்டர்.

"பத்து மீட்டர்தானே வித்தியாசம்" என்று தோணும். எனக்கும் தோணியது. ஆனால் கேள்வியைத் திருப்பிக் கேட்டுப் பாருங்க. நல்ல டயர் போட்ட கார் நின்றுவிட்ட அதே இடத்தில், சுமாரான டயர் போட்ட கார் என்ன வேகத்தில் இருக்கும்? கணக்குப் போட்டால் வருவது மணிக்கு 40 கி.மீ. முதல் கார் லாரிக்கு முன்னால் நிற்கிறது. இரண்டாவது கார் அதே லாரியை 40 கி.மீ. வேகத்தில் மோதுகிறது. டயர் கடையில் பணம் எண்ணும்போது நாம் வாங்குவதும் விடுவதும் இந்த 40 கிலோமீட்டரைத்தான்.

முதலில், மாற்ற வேண்டுமா?

புது கார் டயரில் பள்ளங்களின் ஆழம் சுமார் 8 மி.மீ. இருக்கும். சட்டப்படி குறைந்தபட்சம் 1.6 மி.மீ. பள்ளத்துக்குள் குறுக்கே சின்னச் சின்ன மேடுகள் இருக்கும், அதற்கு நேராகப் பக்கவாட்டில் டிடபிள்யூஐ என்ற எழுத்துகளோ சின்ன முக்கோணமோ இருக்கும். ரப்பர் அந்த மேட்டளவுக்குத் தேய்ந்துவிட்டால் டயரின் கதை முடிந்தது.

ஆனால் 1.6 என்பது சட்டத்தின் எல்லை, மழையின் எல்லை இல்லை. 225 மி.மீ. அகல டயர், 3 மி.மீ. தண்ணீர் நிற்கும் சாலையில் 100 கி.மீ. வேகத்தில் போகிறது. அதன் பாதையில் ஒவ்வொரு நொடியும் வருகிற தண்ணீர் சுமார் 19 லிட்டர். வீட்டுக்கு வருமே 20 லிட்டர் தண்ணி கேன், கிட்டத்தட்ட அந்த ஒரு கேனை ஒவ்வொரு டயரும் ஒவ்வொரு நொடியும் ஓரமாகத் தள்ளியாக வேண்டும். அந்த வேலையைச் செய்பவை பள்ளங்கள்தான். அவை ஆழம் குறைந்து தண்ணீரை விழுங்க முடியாமல் போனால், டயர் தண்ணீரின் மேல் ஏறி மிதக்கும். இதுதான் ஹைட்ரோபிளேனிங்.

1960-களில் நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் விமான டயர்களை வைத்து இதை ஆராய்ந்தார்கள். பள்ளங்களால் சமாளிக்க முடியாத அளவு தண்ணீர் இருக்கும்போது, டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று கண்டார்கள். பிஎஸ்ஐ-யின் வர்க்கமூலத்தை 9-ஆல் பெருக்கினால் வேகம் நாட் கணக்கில் கிடைக்கும். 32 பிஎஸ்ஐ என்றால் மணிக்கு சுமார் 94 கி.மீ. 28 பிஎஸ்ஐ என்றால் 88 கி.மீ. கார் டயருக்கு இது அப்படியே பொருந்தாது, ஒரு தோராயம்தான்.

அன்று வீடு திரும்பியதும் அளந்தேன். பின் டயர்களில் பள்ளம் 3 மி.மீ. காற்று 28 பிஎஸ்ஐ. நான் போனது 90-ல். மீதியைச் சொல்லத் தேவையில்லை. மழை அதிகம் பார்க்கும் ஊரில் 3 மி.மீ. வந்ததுமே புது டயருக்குத் திட்டம் போட வேண்டும் என்பது நான் கற்ற முதல் பாடம்.

இரண்டாவது பாடம் வயது. டயரின் பக்கவாட்டில் டாட் என்று தொடங்கும் எழுத்துகளின் கடைசியில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2317 என்று இருந்தால், 2017-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ரப்பர் ஓடாமல் நின்றாலும் மூப்படையும். ஆக்சிஜனும் வெயிலும் சூடும் அதை இறுக வைக்கும். இறுகிய ரப்பர் சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் இறங்கிப் பிடிக்காது. அப்பா நகத்தால் கீறிப் பார்த்தது இதைத்தான். ஆறு வயது தாண்டிய டயரில், பட்டன் எவ்வளவு இருந்தாலும் நெடுஞ்சாலை வேகத்தில் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் படிப்பது

என் காரின் அளவு 225/50 ஆர்17 94டபிள்யூ. பிரித்துப் பார்ப்போம்.

225 என்பது மி.மீ.-ல் அகலம். 50 என்றால் பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 50 சதவீதம், அதாவது 112.5 மி.மீ. ஆர் என்பது ரேடியல். 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 94 என்பது சுமைக் குறியீடு: ஒரு டயர் 670 கிலோ தாங்கும். டபிள்யூ என்பது வேகக் குறியீடு: மணிக்கு 270 கி.மீ. வரை.

"நம்ம ஊர்ல யாருங்க 270-ல போறாங்க? குறைஞ்ச குறியீடு போட்டா காசு மிச்சமாகுமே?" நியாயமான கேள்விதான். ஆனால் வேகக் குறியீடு என்பது டயர் எவ்வளவு சூட்டைத் தாங்கும், அதன் உள்கட்டமைப்பு எவ்வளவு உறுதி என்பதற்கும் அடையாளம். மே மாத மதியத்தில் ஐந்து பேர், நிறைய லக்கேஜ், மணிக்கணக்காக நெடுஞ்சாலை. அங்கே தேவைப்படுவது அந்தத் தாங்குதிறன். சுமைக் குறியீட்டை எக்காரணத்துக்கும் குறைக்கக் கூடாது. வேகக் குறியீட்டிலும் கார் தயாரிப்பாளர் சொன்னதற்குக் கீழே நான் போகவில்லை.

சில டயர்களில் நட்சத்திரக் குறி இருக்கும். அது பிஎம்டபிள்யூ-வுக்காகச் சோதித்து ஒப்புக்கொண்ட டயர் என்று அர்த்தம். மெர்சிடிஸுக்கு எம்ஓ, ஆடிக்கு ஏஓ. இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குற்றமில்லை. ஆனால் நான்கிலும் ஒரே டயர் இருக்க வேண்டும் என்பது இந்தக் குறியைவிட முக்கியம்.

ரிம்மைப் பெரிதாக்கலாமா என்ற ஆசை எனக்கும் வந்தது. 225/45 ஆர்18 போட்டால் மொத்த விட்டம் அரை சதவீதம்கூட மாறாது, ஸ்பீடோமீட்டரும் ஏமாற்றாது. ஆனால் பக்கச்சுவர் 11 மி.மீ. குறைந்துவிடும். பள்ளத்தில் விழும்போது ரிம்மைக் காப்பாற்றுவது அந்த 11 மி.மீ.-தான். நம்ம சாலைகளை நினைத்துப் பார்த்து 17-லேயே நின்றுகொண்டேன்.

கோடை டயர் என்றால் வெயிலுக்கு மட்டுமா?

இங்கேதான் பெயர் நம்மைக் குழப்புகிறது. ஐரோப்பாவில் "கோடை டயர்" என்பதற்கு எதிர்ப்பதம் "மழை டயர்" இல்லை, "பனி டயர்". சுமார் 7 டிகிரிக்கு மேல் இருக்கும் தட்பவெப்பத்துக்காகச் செய்த ரப்பர் கலவை என்பதுதான் கோடை டயருக்குப் பொருள். சென்னையிலும் மதுரையிலும் மார்கழி விடியலில்கூட வெப்பநிலை 7 டிகிரியை நெருங்காது. ஆக நமக்கு வருஷம் பூரா "கோடை"தான், அடைமழை உட்பட. "ஆல் சீசன்" என்ற பெயரைப் பார்த்து மழைக்கு அதுதான் நல்லது என்று நினைக்க வேண்டாம். அது குளிரிலும் இளகியிருப்பதற்காகச் சில சமரசங்கள் செய்துகொண்ட டயர். நம்ம சூட்டில், நம்ம மழையில், நல்ல கோடை டயர்தான் பொதுவாக நன்றாகப் பிடிக்கும்.

கோடை டயர்களுக்குள்ளும் இரண்டு குடும்பம். ஒன்று டூரிங்: அமைதி, சொகுசு, நீண்ட ஆயுள். மிஷ்லின் பிரைமசி இந்த வகை. இன்னொன்று பெர்ஃபார்மன்ஸ்: பிடிப்பு, துல்லியமான ஸ்டியரிங். மிஷ்லின் பைலட் ஸ்போர்ட், குட்இயர் ஈகிள் எஃப்1, பிரிட்ஜ்ஸ்டோன் பொட்டென்சா இந்த வகை. இரண்டாவது வகை சீக்கிரம் தேயும், விலையும் கூடுதல்.

ஏன் எல்லாம் ஒரே டயரில் கிடைப்பதில்லை? ரப்பர் சாலையின் சொரசொரப்பில் நசுங்கி விரியும்போது ஆற்றலை இழக்கிறது, அந்த இழப்புதான் பிடிப்பு. சக்கரம் சுற்றும்போது டயர் முழுவதும் நசுங்கி விரிவதிலும் ஆற்றல் போகிறது, அது வீணாகும் எரிபொருள். ஒன்றைக் கூட்டினால் மற்றதும் கூடும். அதனால்தான் பிடிப்பு, ஆயுள், மைலேஜ் மூன்றும் மூன்று பக்கம் இழுக்கின்றன. 1992-ல் மிஷ்லின் சிலிக்கா கலந்த டயரைக் கொண்டுவந்தது இந்த முடிச்சைக் கொஞ்சம் தளர்த்தியது. சக்கரம் சுற்றும் மெதுவான அசைவில் சிலிக்கா கலவை குறைவாக ஆற்றலை விடும். சாலைச் சொரசொரப்பின் வேகமான அதிர்வில் நல்ல பிடிப்பைத் தரும். முடிச்சு தளர்ந்ததே தவிர அவிழவில்லை.

பக்கவாட்டில் "டிரெட்வேர் 300" என்று போட்டிருப்பது அமெரிக்க முறை. டெக்சாஸில் ஒரு குறிப்பிட்ட சாலைச் சுற்றில் ஓட்டி, ஒரு மாதிரி டயரோடு ஒப்பிட்டுத் தரும் எண். எண் கூடினால் ஆயுள் கூடும். ஆனால் எண்ணை முடிவு செய்து அச்சிடுவது தயாரிப்பாளரே. ஆகவே ஒரே கம்பெனியின் இரண்டு டயர்களை ஒப்பிட உதவும், வேறு வேறு கம்பெனிகளை ஒப்பிட அதிகம் உதவாது. ஐரோப்பிய லேபிளில் ஈரப்பிடிப்புக்கு ஏ முதல் இ வரை தரம் கொடுக்கிறார்கள். நான் முதலில் பார்த்தது இதைத்தான். பிடிப்பு ஏ இல்லாத டயர்களைப் பட்டியலிலிருந்து நீக்கியதும் என் வேலை பாதியாகிவிட்டது.

ரன்-ஃபிளாட்டா, சாதாரண டயரா?

உண்மையில் என்னை இரண்டு வாரம் தூங்கவிடாத கேள்வி இதுதான். என் கார் ரன்-ஃபிளாட் டயரோடு வந்தது. பக்கச்சுவர் தடிமனாக, விறைப்பாக இருக்கும். காற்று முழுக்கப் போனாலும் 80 கி.மீ. வேகத்தில் சுமார் 80 கி.மீ. தூரம் ஓட்டலாம். அதனால் டிக்கியில் ஸ்டெப்னி இல்லை.

ரன்-ஃபிளாட்டுக்கு ஆதரவான வாதம் எளிது. ஊர் கோவில்பட்டி. அப்பாவோடு இரவில் போகும் பயணங்கள். மதுரைக்குத் தெற்கே நடுராத்திரியில் டயர் போனால், இறங்கி நிற்காமல் பக்கத்து ஊர் வரை ஓட்டிவிடலாம்.

எதிரான வாதங்கள்: விறைப்பான சுவர் ஒவ்வொரு குழியையும் முதுகுத்தண்டுக்குச் சொல்லும். காற்றில்லாமல் ஓட்டிய டயரின் உட்சுவர் எந்த அளவு சேதமானது என்று வெளியே தெரியாது, அதனால் பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டும். விலையும் அதிகம். தவிர, 2020 ஜூனில் மத்திய அரசு புது டயர் இறக்குமதியைக் கட்டுப்படுத்திய பிறகு, இதுபோன்ற அளவுகள் கடைக்கு வருவதே சுருங்கியது. ஒரே ஒரு டயர் போனாலும் அதே மாடலைத் தேடி வாரக்கணக்கில் அலைய நேரலாம்.

நான் சாதாரண டயருக்கு மாறினேன். ஆனால் ரன்-ஃபிளாட் தந்த பாதுகாப்பை ஈடுகட்டாமல் மாறக் கூடாது. அப்பாவிடம் பஞ்சர் கிட், சின்ன கம்ப்ரசர் இரண்டையும் காட்டினேன். "சைடு கிழிஞ்சா இதை வச்சு என்ன பண்ணுவ?" என்று கேட்டார். பதில் இல்லை. என் காருக்குப் பொருந்தும் ஒரு ஸ்பேஸ்-சேவர் ஸ்டெப்னியும் ஜாக்கியும் வாங்கி டிக்கியில் போட்டேன். டிக்கியில் ஒரு பெட்டி வைக்கும் இடம் போனது. ஒன்று கவனிக்க: ரன்-ஃபிளாட்டையும் சாதாரண டயரையும் கலந்து போடவே கூடாது. மாறினால் நான்கும் மாற வேண்டும்.

இரண்டு மட்டும் மாற்றினால் எங்கே போடுவது?

இது பின்சக்கரம் இழுக்கும் கார். பின் டயர்கள் முதலில் தேயும். முன்சக்கரம் இழுக்கும் கார்களில் முன் டயர்கள். எதுவாக இருந்தாலும் இரண்டு மட்டும் மாற்றும்போது கடைக்காரர்கள் பலர் சொல்வது, "பிரேக்கும் ஸ்டியரிங்கும் முன்னாடிதான் சார், புதுசை முன்னாடி போடுங்க."

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் புதுசு பின்னால்தான் போக வேண்டும். ஈரத்தில் முன் டயர் பிடி விட்டால் கார் வளையாமல் நேராகப் போகும். காலை எடுத்தால் வேகம் குறைந்து பெரும்பாலும் பிடி திரும்பிவிடும். பின் டயர் பிடி விட்டால் கார் சுழலும். பயத்தில் காலை எடுத்தால் எடை முன்னால் போய், பின்பக்கம் இன்னும் லேசாகி, இன்னும் வேகமாகச் சுழலும். மிஷ்லின் போன்ற டயர் கம்பெனிகளே புது டயரைப் பின்னால் போடச் சொல்வது இதனால்தான். திண்டிவனம் வளைவில் அந்த இரண்டாவது வகையின் முதல் அரை நொடியைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அது கையாளக்கூடிய விஷயம் இல்லை.

கடையில்

பெர்ஃபார்மன்ஸ் வகையில், ஈரப்பிடிப்பு ஏ தரத்தில், சரியான அளவும் குறியீடும் உள்ள டயரைக் கேட்டேன். முதல் கடையில் நல்ல தள்ளுபடி சொன்னார்கள். டாட் எண்ணைப் பார்த்தேன். செய்து மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. "கடைக்குள்ளதான சார் இருந்துச்சு, புதுசுதான்." பழுதான டயர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆறு வருஷக் கணக்கில் பாதி அங்கேயே கழிந்துவிட்டது. பாதி ஆயுளுக்குக் கால்வாசி தள்ளுபடி எனக்குக் கட்டுப்படியாகவில்லை. வேறு கடையில் நான்கு மாதத்துக்கு முந்தைய டயர் கிடைத்தது. நான்கு டயரின் விலைக்கு நல்ல நிலையில் ஒரு பழைய பைக் வாங்கிவிடலாம் என்பது உண்மை.

மாட்டும்போது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியவை: "வெளிப்பக்கம்" என்ற குறி வெளியே இருக்கிறதா, சுழலும் திசைக்கு அம்புக்குறி இருந்தால் அது சரியா, வால்வு புதுசா, பேலன்சிங், அலைன்மென்ட் முடிந்ததா, போல்ட்டுகளைக் கடைசியாக டார்க் ரெஞ்சால் முறுக்கினார்களா. காற்று எவ்வளவு என்பதற்கு டிரைவர் கதவருகே ஒட்டியிருக்கும் அட்டவணையைப் பார்க்க வேண்டும், டயரில் எழுதியிருப்பது அதிகபட்ச அளவு. நைட்ரஜன் போடலாமா என்றால், போடலாம், தப்பில்லை. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். நைட்ரஜன் போட்டுவிட்டோம் என்று மூன்று மாதம் அளக்காமல் இருப்பதைவிட, சாதாரணக் காற்றை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளப்பது மேல்.

முதல் சில நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டினேன். அச்சிலிருந்து டயர் சுலபமாகக் கழன்றுவரத் தடவும் பொருளின் வழுக்கல் புது டயரின் மேற்பரப்பில் இருக்கும், அது தேய்ந்து போக வேண்டும்.

தை மாதம் மறுபடி ஊருக்குப் போனோம். மழை இல்லை, அதனால் பெரிய சோதனை எதுவும் நடக்கவில்லை. குழிகளில் கார் முன்பைவிட மெத்தென்று இறங்கியது. மேல்மருவத்தூர் பக்கத்தில் டீக்கு நிறுத்தியபோது அப்பா மறுபடி குனிந்து பின் டயரை நகத்தால் கீறிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் டிக்கியைத் திறக்கச் சொல்லி, ஸ்டெப்னியில் காத்து இருக்கிறதா என்று கேட்டார். அதை நான் அளந்திருக்கவில்லை.